லாரிக்காரர் பார்க்காத தூத்துக்குடி

என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்குப் போய்வந்த தடவைகளை எண்ணினால், நான் மீனாட்சி கோவிலுக்குப் போனதைவிட அதிகமாகத்தான் இருக்கும். மதுரைக்காரி இதை வெளியே சொல்லக்கூடாது, ஆனால் உண்மை அதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினார். மில்லிலிருந்து நூல் பேல் ஏற்றினாலும், மேலூர்ப் பக்கமிருந்து கருங்கல் ஏற்றினாலும், போய் நிற்கிற இடம் பெரும்பாலும் தூத்துக்குடித் துறைமுகம். எங்கள் வீட்டில் 'ஆபீஸ்' என்றால் ஒத்தக்கடைப் பக்கம் நான் வேலை பார்த்த கல்லூரி அலுவலகம். 'ஹார்பர்' என்றால் அவர். யாராவது வந்து கதவைத் தட்டினால் பிள்ளைகள் "அம்மா ஆபீஸ், அப்பா ஹார்பர்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்று, மதுரை ஆனையூரில் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் கண்ணில் கோளாறு என்று தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலியில்லாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருகிற நோய். இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார் டாக்டர். போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார். எத்தனை நாளைக்குக் காப்பாற்றலாம் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாதும்மா என்றார். இவரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நல்லாத்தான் தெரியுது டாக்டர்" என்றார்.

அந்த 'நல்லாத்தான்' ஒரு வருஷமாக என் உயிரை வாங்கியது. எதைக் காட்டிக் கேட்டாலும் நல்லா இருக்கு. புதுச் சட்டை நல்லா இருக்கு, பேத்தி அனுப்பின போட்டோ நல்லா இருக்கு, எதிர் வீட்டுக்காரர் அடித்த கண்றாவிப் பச்சைப் பெயிண்டும் நல்லா இருக்கு. எந்தப் பொருளையும் குறை சொல்லாமல் விடாத மனுஷன். கலியாணத்துக்கு எனக்கு எடுத்த பட்டுச் சேலையையே நிறம் சரியில்லை என்று பந்தலில் சொன்னவர். அவருக்கு எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்டால் கோபம் வந்துவிடும்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். "எங்கயாச்சும் போய்ப் பாக்கணும்னு ஆச இருந்தா சொல்லுங்க. காசி, காஷ்மீர், எதுன்னாலும் சரி."

"தூத்துக்குடி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாரத்துக்கு ரெண்டு தடவ போனீங்களே, அங்க இன்னும் என்ன இருக்கு?"

"போனேன். எங்க பாத்தேன்? பகல்ல லாரிய ஊருக்குள்ள விட மாட்டான். கேட்டுல வரிசையில நிக்கணும். வண்டிக்கடியில துண்ட விரிச்சுப் படுக்கணும். கொடோன்ல லோடு எறக்கணும். உரமோ உப்போ ஏத்திக்கிட்டுத் திரும்பணும். கொடோன் கூரைக்கு மேல கப்பல் கொஞ்சம் தெரியும், அதுவும் மேல் பாதி. ஒரு கப்பல முழுசா நின்னு பாத்ததில்ல. அம்புட்டுத்தான் நான் பாத்த தூத்துக்குடி."

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றச் சொல்கிற குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் அதற்கு முந்தின தலைமுறை சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் குனிந்தே இருந்தவர்கள். அங்கிருந்து ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்களை மேலே ஏற்றிவிட்ட மனுஷன் அவர். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த ரோடு. அந்த ரோடு போய் முடிகிற ஊரை அவர் பார்த்ததே இல்லை. கண் இருக்கும்போதே அதை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

டாக்ஸி பிடிக்கலாம் என்றாள் சென்னையிலிருந்து மகள். "ஊரு பேரு தெரியாதவன் ஓட்டுற வண்டியில நான் உக்கார மாட்டேன்" என்றுவிட்டார் இவர். வாசலில் அவர் ஆசையாக வாங்கின பழைய கார் ஒரு வருஷமாக உறை போட்டு நின்றது. ஆக, நான் கற்றுக்கொள்வதென்று ஆனது. ஆனையூரிலேயே ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய் ஃபாரம் கேட்டேன். "பொண்ணுக்காம்மா?" என்றார்கள். "ஆமா, எங்கம்மாவோட பொண்ணுக்கு" என்றேன். அதற்குப் பிறகு அங்கே யாரும் என்னிடம் அநாவசியமாகப் பேசவில்லை.

லைசென்ஸ் வாங்கினபின் தினமும் காலையில் இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லித்தர மாட்டார். கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எப்போதாவது "கிளட்ச்சு பாவம்" என்பார். நான் ஒருமுறை பிரேக்குக்குப் பதிலாக வேறெதையோ மிதித்தபோது மட்டும், "பால் வண்டிக்காரனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கு" என்று நினைவூட்டினார்.

போகிற ஊரில் என்னென்ன பார்ப்பது என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். அலுவலகத்தில் முப்பது வருஷம் ஃபைல் கட்டின கை, சும்மா இருக்குமா? மாதா கோவில். டச்சுக்காரர் காலத்துப் பழைய தேவாலயம். பஞ்சு வியாபாரம் நடந்த தெரு. தோணிகள் நிற்கிற பழைய துறைமுகம். கப்பல். கடைசியில் அந்த ஊர் முந்திரி இனிப்பு, மக்ரூன். நம் ஊர்ப் பாண்டியர்களுக்கு முத்து வந்து இறங்கிய கரை, போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் ஒருவர் பின் ஒருவராக வந்து சண்டை போட்ட கரை என்றெல்லாம் படித்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "லாரிய எட போடுற எடைமேடை எழுதலையே" என்றார்.

தை மாதத்து ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். பழக்கத்தில் கார் சாவியை எடுத்துக்கொண்டு நேரே வலது கதவுக்குப் போய் நின்றுவிட்டார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பானெட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார்.

காரியாபட்டி தாண்டியதும் ஆள் மாறிவிட்டார். அந்தச் சாலை அவருக்கு மனப்பாடம். இப்ப ஒரு மேடு வரும், இப்ப வலதுல ஒரு டீக்கடை வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேடு வந்தது. டீக்கடை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க் வந்திருந்தது. அருப்புக்கோட்டைக்கு முன்னால் ஒரு கண்மாய்க் கரை ஓரமாகப் போகும்போது கையை நீட்டி, "கண்மாய் நெறஞ்சு கெடக்கு பாரு. நல்லா இருக்கு" என்றார். நான் பார்த்தேன். அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது, சொட்டுத் தண்ணீர் இல்லை. "ஆமாங்க" என்றேன். கியரை மாற்றுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அருப்புக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கரிசல். கண்ணுக்கெட்டின மட்டும் கறுப்பு மண், அதில் உளுந்தும் மக்காச்சோளமும். கண்ணாடியை இறக்கச் சொன்னார். "மல்லி பூத்திருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் சாலையோரம் வெள்ளையாகக் கொத்தமல்லிக் காடு வந்தது. அது மூக்கு சொன்னது, பொய் சொல்லாது.

மாதா கோவில் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி பத்து. உயரமான முகப்பு, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, மதுரையா என்று கேட்டுவிட்டாள். பேச்சிலேயே தெரிந்துவிடுமாம். இவர் முகப்புக்கு நேர் கீழே போய் நின்றார். தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினார், எதையோ தேடுகிற மாதிரி. பிறகு திரும்பி, "நல்லா இருக்கு" என்றார்.

"எது நல்லா இருக்கு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"எல்லாந்தான்."

அடுத்தது கடற்கரைச் சாலையில் டச்சுக்காரர் கட்டின பழைய தேவாலயம். அங்கே கல்லறைப் பலகைக் கற்கள் இருக்கின்றன, மேலே அவர்கள் பாஷையில் எழுத்துக் கொத்தியிருக்கிறது. இவர் குத்தவைத்து உட்கார்ந்து கல்லை உள்ளங்கையால் தடவினார். எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "இது நம்ம பக்கத்துக் கல்லு இல்ல. கப்பல்ல வந்த கல்லு" என்றார். வருஷக்கணக்காக மேலூர்க் கல்லை ஏற்றிக் கொண்டுவந்து கப்பலுக்குக் கொடுத்த கை அது. யார் பெற்ற பிள்ளையோ, எங்கிருந்தோ வந்து இங்கே படுத்துக் கிடக்கிறது என்று சொல்லி, கல்லை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். அன்றைக்கு அதுவரை அவர் உண்மையாகப் பார்த்தது அந்தக் கல் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது, அதுவும் கையால்.

பஞ்சு வியாபாரத் தெருவைக் காரிலிருந்தபடியே பார்த்தோம். பெரிய மரக் கதவுகள், உயரமான சன்னல்கள், நடுநடுவே செல்போன் கடைகள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே வந்தார். எனக்கு மனசு சோர்ந்துவிட்டது. இவ்வளவு தூரம் ஓட்டி வந்து, ஒன்றும் தெரியாத மனுஷனுக்கு நோட்டை வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேனா என்று தோன்றியது. ஒரு வருஷம் முன்னாலேயே கூட்டி வந்திருக்க வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாததால் வீணாய்ப் போன வருஷம் அது என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அடுத்து பழைய துறைமுகம். அங்கேதான் தோணிகள் நிற்கும், அங்கிருந்து கடலோரமாகவே போகலாம் என்று போனில் வழி போட்டேன். போனில் வழி சொல்கிற பெண் ஒரு வார்த்தை பேசினாள். இவர் எட்டிப் போனை வாங்கி அமர்த்திவிட்டார்.

"ஹார்பருக்கு எனக்கு இவ வழி சொல்லுவாளா? இவ என்னைக்கு லாரி ஓட்டுனா? நீ ரவுண்டானாவுல லெப்ட் எடு."

நான் எடுத்தேன். அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வியாதி. ரோடு என்று வந்துவிட்டால் அவர் சொன்னதுதான் சட்டம், நானும் கேட்டுத்தான் பழக்கம். எடைமேடை வரும், அதைத் தாண்டி ரைட்டு என்றார். எடைமேடை வந்தது. ரைட்டு எடுத்தேன். இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், வெயிலில் கண் கூசியது. முன்னால் ஒரு டிரெய்லர் நின்றது. "டிராபிக்கு. பின்னாலேயே நில்லு, நகந்துரும்" என்றார். நின்றேன். பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

அரை மணி ஆனது. நகர்ந்தது முப்பதடி இருக்கும். ஏசியைப் போட்டால் வண்டி சூடாகிறது. இவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, சொந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்த மாதிரி நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். வரிசையில் நின்று சாப்பிடுவது அவருக்குப் பழக்கம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏங்க, இது லாரி வரிசையா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஊரைச் சுற்றிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போகிற, லாரிக்கு என்றே விட்ட வழி. ஊரைப் பார்க்க வந்த காரை, நூல் லோடு லாரியாக நினைத்து வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

காவலுக்கு நின்றவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "பாஸ் இருக்காம்மா? என்ன லோடு?" என்றார் சிரிக்காமல்.

"இந்தா உக்காந்திருக்காரே, இவருதான்" என்றேன்.

அவர் குனிந்து லோடைப் பார்த்தார். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், கப்பல் பார்க்க இது வழியில்லை என்றார். பின்னால் கொஞ்சம் தள்ளி, சாலை நடுவில் இருக்கிற திட்டில் வண்டி திரும்ப ஒரு இடைவெளி இருந்தது. பின்னால் நின்ற லாரி அதை மறைக்காமல் நின்றிருந்தது. ரிவர்ஸ் எடுத்து அதற்குள் திரும்பிப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ரிவர்ஸ் வராது. நேராக எங்கே வேண்டுமானாலும் ஓட்டுவேன், பின்னால் என்றால் எந்தப் பக்கம் திருப்புவதென்றே குழம்பும். அதுவும் முன்னும் பின்னும் மலை மாதிரி வண்டிகள். நான் கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே இவர் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு இறங்கிவிட்டார். லாரிக்காரர்கள் வழக்கம் அது. வண்டி பின்னால் வரும்போது ஒருத்தர் இறங்கி நின்று குரல் கொடுப்பார், வண்டி உடம்பில் தட்டித் தட்டிச் சைகை சொல்வார். இவர் பின்னால் போய் டிக்கியைத் தட்டினார். "வரட்டும். வரட்டும். ஸ்டியரிங்க ரைட்டு ஒடி" என்றார்.

நான் காலை எடுத்தேன். கார் பின்னால் ஊர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால், எதிர்ச் சாலையிலிருந்து ஒரு டிப்பர் அதே இடைவெளி வழியாகத் திரும்பி இந்தப் பக்கம் வருகிறது. இவர் அதற்கு நேர் குறுக்கே நிற்கிறார். டிப்பர்காரர் ஹாரன் அடிக்கிறார். அந்தச் சாலை முழுக்க ஹாரன்தான், இவருக்கு அது தனக்கு என்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய வண்டி பக்கவாட்டில் வருவது அவர் கண்ணில் படவே இல்லை. "வரட்டும், வரட்டும்" என்று என்னைப் பார்த்தே கையாட்டிக்கொண்டு ஒரு அடி அதன் பக்கமாக நகர்ந்தார்.

பிரேக்கை மிதித்தேன். டிப்பரும் நின்றது. அதற்கும் அவருக்கும் நடுவே இரண்டு முழம் இருந்திருக்கும். நான் கதவைத் திறந்து இறங்கி ஓடினேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், பிறந்ததிலிருந்து அப்படி.

"சாகத்தான் இங்க வந்தீங்களா? கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த ஒத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போகும்? ஊரு முழுக்க நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு. என்னத்தக் கண்டீங்க நீங்க?"

இத்தனையும் நடுரோட்டில், இருபது லாரி டிரைவர்களுக்கு முன்னால். எல்லோரும் பார்த்தார்கள். இவர் டிக்கியின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை. என் வாழ்க்கையில் நான் பேசினதிலேயே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிற பேச்சு அதுதான்.

பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். எங்களைவிட நாலைந்து வயது இளையவராக இருக்கலாம், தோளில் துண்டு. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இவரிடம் போய், "அண்ணாச்சி எந்தூரு வண்டி ஓட்டுனீங்க?" என்றார்.

"மதுர. நூலு, கல்லு, எல்லாந்தான்."

"அப்ப சீனியரு. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நாங்க சும்மா நிக்கோம்."

அவர் இவருடைய இடது பக்கம் வந்து, தோளோடு தோள் ஒட்டினாற்போல நின்றார். இன்னொருவர் வலது பக்கம் வந்தார். மூன்றாவது ஒருவர் இடைவெளியில் போய் நின்று, கையைத் தூக்கி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார். "ஏறுங்க மைனி" என்றார் துண்டுக்காரர் என்னிடம். எங்கள் பக்கம் மதினி என்போம், அங்கே அண்ணன் மனைவிக்கு மைனி. அந்த ஒரு வார்த்தையில் என்னை வீட்டு மனுஷியாக்கிவிட்டார். ஏறி உட்கார்ந்தேன்.

"வரட்டும்" என்றார் இவர். "வரட்டும். ரைட்டு ஒடி. இன்னும் ஒடி. நேர் பண்ணு. வரட்டும்."

ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. எப்படி என்று கண்ணாடியில் உற்றுப் பார்த்தேன். துண்டுக்காரரின் கை இவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வலது தோளில் ஒரு தட்டு என்றால் இவர் ரைட்டு என்கிறார். இரண்டு தட்டு என்றால் நேர் பண்ணு. அவர்கள் வண்டியைத் தட்டிச் சொல்கிற சைகையை, அந்த மனுஷன் இவர் முதுகில் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்வை அவருடையது, குரல் இவருடையது. இத்தனை பேர் முன்னால் நான் பிடுங்கி எறிந்ததை, மூன்று பேர் சேர்ந்து சத்தமில்லாமல் எடுத்து அவர் கையில் திரும்பக் கொடுத்தார்கள்.

கார் திரும்பி நேராக நின்றது. நான் இறங்கிப் போய்க் கும்பிட்டேன். துண்டுக்காரர், "கோவத்த வீட்டுல போயி வச்சுக்கிடுங்க மைனி" என்று மட்டும் சொன்னார். பிறகு இவரிடம், "கப்பல் பாக்கணும்னா இங்கன நின்னா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. அந்தா அந்த ரோட்டுல போனா கடக்கரை. வெளிய நங்கூரம் போட்டு நிக்கும், நல்லாப் பாக்கலாம்" என்றார். இவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதும் அருப்புக்கோட்டை ரோட்டில் லாரி கடக்கும்போதெல்லாம், அதில் இருப்பது யாரானாலும், மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

கார் கொஞ்ச தூரம் போனதும் அவர்தான் பேசினார்.

"கண்மாயில தண்ணி இல்லல்ல?"

"இல்ல."

"ஒன் குரல்லயே தெரிஞ்சுச்சு."

"பேசுனது தப்புத்தாங்க" என்றேன். "வண்டியப் பாத்து ஓட்டு" என்றார். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்பதும் கொடுப்பதும் இவ்வளவுதான்.

கடற்கரையில் கூட்டம் அதிகமில்லை. நாலைந்து குடும்பங்கள், ஒரு சுண்டல்காரர். காற்று நன்றாக அடித்தது. தண்ணீர் ஓரத்தில் கொண்டுபோய் அவரை நிறுத்தினேன். எனக்கு வானமும் கடலும் தெரிந்தன, தூரத்தில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள். நோட்டை எடுக்கவில்லை. இனி எதையும் அவருக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை என்று இருந்தேன்.

தலையை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அசையவில்லை.

"மூணு" என்றார். "இல்ல, நாலு. கடைசில நிக்கிறது பெருசு. அடியில செவப்பு அடிச்சிருக்கு. லோடு இல்லாம வந்திருக்கான், அதான் அம்புட்டு ஒசந்து நிக்கிது. மேல கிரேன் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு இருக்கு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சிவப்பும் தெரியவில்லை, கிரேனும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சுண்டல்காரரைக் கேட்டேன். அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நாலு கப்பல், கடைசிக் கப்பலுக்கு அடியில் சிவப்பு என்றார். மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பிடிங்க?" என்றேன்.

அன்றைக்குத்தான் சொன்னார், ஒரு வருஷம் கழித்து. "நடுவுல ஒரு ஓட்ட இருக்கு. அது வழியாத்தான் எல்லாம். கிட்டத்துல இருக்குறது அதுல அடங்க மாட்டேங்குது. மாதா கோவில்ல ஒரு சன்னலு தெரிஞ்சுச்சு, அப்புறம் கொஞ்சம் செவரு. தூரத்துல இருந்தா அடங்கிருது. இந்தா, கப்பலு முழுசாத் தெரியுது. முன்னுக்கும் பின்னுக்கும் முழுசா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எத்தன வருஷம் லோடு கொண்டாந்து குடுத்தேன், இன்னைக்குத்தான் மொதலாளியப் பாக்குறேன்" என்றார். சிரித்தார். கண் கலங்கியிருந்தது. கலங்கினால் தெரியாது என்று துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

அரை மணி நேரம் கப்பலையே பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்கு, டிரைவிங் ஸ்கூலுக்கு, அந்த மூன்று பேருக்கு, அவர் கண்ணில் மிச்சமிருக்கிற அந்த ஓட்டைக்கு, யார் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒன் மூஞ்சியும் அப்பிடித்தான்" என்றார் திடீரென்று, கடலைப் பார்த்தபடியே. "கண்ணப் பாத்தா வாயி இருக்காது. ரொம்ப நாளாச்சு."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"எந்திரி. அங்கிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லு."

எழுந்து மணலில் நடந்தேன். பத்தடி போய்த் திரும்பி நின்றேன். "இன்னும்" என்றார். இன்னும் பத்தடி. "இன்னும் போ." சுண்டல்காரரையும் தாண்டிப் போய்விட்டேன். போட்டோ எடுக்கக்கூட நான் அப்படி நின்றதில்லை. காற்றில் முந்தானை பறக்கிறது, முடி கலைகிறது, கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்த வயதில், இத்தனை பேர் பார்க்க, ஒருத்தருக்காக நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நில்லு" என்று கத்தினார்.

நின்றேன். அவர் தலை மேலும் கீழும் அசையவில்லை, பக்கவாட்டில் திரும்பவில்லை. அப்படியே என்மேல் நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு காற்றையும் மீறிக் கேட்கிற மாதிரி, கடற்கரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, உரக்கச் சொன்னார்.

"அந்தச் சேல ஒனக்கு நல்லாவே இல்ல."

ஒரு வருஷமாக நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். போதும் வா என்று அவர் சொல்லும்வரை அங்கேயே அசையாமல் நின்றேன்.